பிறப்புப் பத்திரம் எங்கே, அம்மா?



ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ஒருவன், தான் செய்த நற்பணிகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது எளிது. தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, கதை சொல்லும் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு கிடைத்தது, பழைய வகுப்பறைக்குப் புதுக்கூரை வந்தது என்று சொல்லிக்கொண்டே போகலாம். இன்று நான் எழுத வந்தது அதுவன்று. ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து நான் திருப்பி அனுப்பிய கதையை எழுத வந்துள்ளேன். நெடுநாளாக நெஞ்சில் தைத்துக் கிடக்கும் முள் இது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைப் படித்தால், இன்னொரு குழந்தையாவது திரும்பிப் போகாமல் இருக்கும் என்னும் நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பள்ளி திறந்த முதல் வாரம். சுங்கை பெசார் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டை ஒட்டி நின்ற சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் அப்பொழுது நான் பணியாற்றினேன். ஒரு பக்கம் செம்பனை. மறுபக்கம் பாரிட்டைத் தாண்டினால் தென்னந்தோப்பு. அதற்கும் அப்பால் நெல்வயல்கள். மாணவர் எண்ணிக்கை மொத்தமாகவே 60-ஐத் தாண்டாது. முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்குத் தலைமையாசிரியர் என்னைப் பொறுப்பாசிரியராக நியமித்திருந்தார்.

அன்று ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். குழந்தை புத்தம் புதிய சீருடையில் இருந்தாள். வெள்ளைச் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. முதுகில் அவளைவிடப் பெரிய பை. சீருடை வாங்கிய பிறகுதான் அந்தத் தாய் பதிவுக்கே வந்திருக்கிறார். சேர்க்கமாட்டார்கள் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை.

"சார், பாப்பாவ ஒன்னாம் ஆண்டுல சேக்கணும் சார்."

"பிறப்புப் பத்திரம் எங்கே, அம்மா?"

"சூரா பெரானா இல்லைங்க சார். எனக்கே ஐ.சி. இல்ல. அவங்கப்பாவுக்குத்தான் இருக்கு."

"முதலில் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு பார்க்கலாம்."

அவ்வளவுதான். நான் குரலை உயர்த்தவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் கொடுக்கப்பட்ட படிவத்தில் பிறப்புப் பத்திர எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அக்கட்டத்தை நிரப்ப வழியில்லை. ஆகவே குழந்தைக்கும் இடமில்லை. அடுத்தவரை அழைத்தேன். தாயும் மகளும் திடலைக் கடந்து நடந்து போனார்கள். மீண்டும் வரவில்லை.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? அதே ஆண்டின் இறுதியில், மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்பட்டு, நாங்கள் ஆசிரியர்கள் லயம் லயமாகச் சென்று முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைத் தேடினோம். "உங்கள் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று கைகூப்பிக் கேட்டோம். தானாக வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிய அதே வாயால் கேட்டோம்!

இனி இருபது ஆண்டுகளைத் தாண்டி வருகிறேன். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பள்ளி வேறு, மேசை வேறு, ஆனால் அமர்ந்திருந்தவன் நானே. இப்பொழுது பதிவெல்லாம் இணையத்தில் நடக்கிறது. கணினி கேட்கும் எண்ணைக் கொடுக்க முடியாதவர்கள் மட்டும் நேரில் வருகிறார்கள். இளம்பெண் ஒருத்தி தன் மகனோடு வந்தாள். உடன் அவளுடைய தாய். அந்த மூதாட்டி என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"சார், எம்மவள சேக்க வந்தப்பவும் நீங்கதான் இருந்தீங்க."

அவர் குற்றஞ்சாட்டும் தொனியில் அதைச் சொல்லவில்லை. பழைய அறிமுகத்தை நினைவூட்டுவதுபோலத்தான் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. எதிரே நின்ற இளம்பெண்தான் அன்று சீருடையில் வந்த குழந்தை. ஒரு நாளும் வகுப்பறையில் அமராதவள். கைத்தொலைபேசியில் வரும் செய்தியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்பவள். செகிஞ்சான் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி நாட்கூலி வாங்குகிறாள். வங்கிக் கணக்கு இல்லை. ஊழியர் சேமநிதி இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் எடுக்க முடியாது. சாலையில் காவலர் தடுப்புப் போட்டிருந்தால், பாரிட் ஓரத்து மண்பாதையில் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவாளாம். பிறந்து வளர்ந்த மண்ணில் இப்படி ஒளிந்து நடக்க வேண்டிய நிலை அவளுக்கு யாரால் வந்தது?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன்பின் பல மாதங்கள் சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். வழக்கறிஞர் நண்பர்களிடம் கேட்டேன். நான் புரிந்துகொண்டதை எளிய முறையில் இங்கே சொல்கிறேன். இது தெரியாமல் இருந்ததுதான் என் முதற்பிழை.

நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பின்படி, மெர்டேக்கா நாளுக்குப் பிறகு 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதி வரையில் இம்மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அந்த அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பெற்றோர் சட்டப்படி மணம் புரியாதவர்கள் என்றால், 'பெற்றோர்' என்ற சொல் தாயை மட்டுமே குறிக்கும் என்று அதே அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தாலும் அது கணக்கில் வராது.

சட்டப்படி மணம் என்றால் எது? நம் முன்னோர் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள். ஊரே சாட்சி. சட்டமும் அம்மணத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு செய்யப்படாத மணம் சட்டத்தின் கண்ணில் மணமே அன்று. பலதார மணத்தைத் தடுத்துப் பெண்களுக்குப் பாதுகாப்புத் தந்த நல்ல சட்டம் அது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அச்செய்தி எத்தனை லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? கோவிலில் தாலி கட்டினால் போதும் என்று நம்பிய எத்தனை பெண்களின் பிள்ளைகள், தாங்கள் அறியாமலேயே 'மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்கள்' ஆனார்கள்?

இப்பொழுது அந்தக் குடும்பத்தின் கதையைப் பாருங்கள். மூதாட்டி 1975-இல் லயத்து வீட்டில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பிறப்பைப் பதிவு செய்யும் வேலையைத் தோட்டத்துக் கிராணியார் பார்த்துக்கொள்வார் என்று பெற்றோர் எண்ணினர், யாரும் பார்க்கவில்லை. சட்டப்படி அவர் குடிமகளாகவே பிறந்திருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கத் தாள் இல்லை. தாள் இல்லாததால் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாததால் 1996-இல் கோவிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. பதிவில்லாத மணத்தில் பிறந்த மகள் தாயின் வழியே போனாள். தாயிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அந்த மகள் நீல அட்டைக்காரர் ஒருவரை மணந்தாள். அந்த மணமும் பதிவாகவில்லை. பேரன் 2017-இல் மருத்துவமனையில் பிறந்தான். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. அதில் 'புக்கான் வார்காநெகாரா' என்று அச்சிட்டிருக்கிறது. குடிமகன் அல்லன்!

மூன்று தலைமுறை. மூவரும் சிலாங்கூர் மண்ணில் பிறந்தவர்கள். பாட்டன், தந்தை இருவரும் வாக்களிக்கும் குடிமக்கள். ஆனால் அந்தச் சிறுவன் அந்நியன். எந்த நாட்டுக்கு அந்நியன்? இந்தியா அவனை அறியாது. வேறெந்த நாடும் அவனை அறியாது.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று கருதிவிட வேண்டா. 2021-ஆம் ஆண்டு மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில், மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் மணப்பதிவுக்கு முன்பு வெளிநாட்டில் பிறந்த குழந்தை குடியுரிமைக்கு உரியது அன்று என்று 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் முடிவாயிற்று. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் எழுவரில் மூவர் வேறுவிதமாகக் கருதினர் என்பதே, இக்கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டும். அத்தகைய கேள்வியைத்தான் நாம் ஏழு வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றிவைத்திருக்கிறோம்.

அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்னும் பதிவியக்கம் நடந்தது. 2018-இல், அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியச் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம். ஆனால் அறுபது வயது வரை காத்திருந்தவருக்குக் கிடைக்கும் குடியுரிமையால், அவர் இழந்த பள்ளிப்படிப்பும் வேலையும் திரும்பி வருமா? 2024 அக்டோபர் 17-ஆம் நாள் மக்களவை அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெற்றெடுக்கும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைக்க வழிசெய்த நல்ல திருத்தம் அது. ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடியுரிமை பெறும் வழியை நீக்கும் பகுதியும் இருந்தது. ஒரு கதவைத் திறந்த கை இன்னொரு கதவைச் சாத்தியது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் தோட்டத்துக் குடும்பங்களை அவையில் அமர்ந்திருந்தோர் நினைத்துப் பார்த்தார்களா?

குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தில் நம் நாடு 1995-இல் இணைந்தது. இணைந்தபோது சில பிரிவுகளுக்கு விலக்கு வைத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று, பிறந்த குழந்தைக்குப் பெயரும் நாட்டுரிமையும் வேண்டும் என்னும் 7-ஆம் பிரிவு. அதைப் படித்தபோது எனக்குப் பல செய்திகள் விளங்கின.

முடியாத காரியமா இது? அண்டையில் இலங்கையைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. பேரளவில் துன்பம் விளைந்தது. ஆயினும் 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், அந்த ஒப்பந்தக் காலம் முதல் அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் ஒரே சட்டத்தால் குடியுரிமை வழங்கியது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். அடுத்தவரைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டைப் பார்ப்பதுதான் கடினம்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. வெள்ளைக்காரத் துரைமார் நம்மீது கொண்ட அன்பினால் பள்ளி கட்டவில்லை. தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்கவே கட்டினர். ஆயினும் அவர்கள் பிள்ளைகளின் தலையை எண்ணினர். விடுதலை பெற்ற நாட்டில், தமிழ் படித்த தமிழாசிரியன் நான், தாளை எண்ணினேன். நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003 ஜனவரி முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத மலேசியப் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அச்சட்டம் நடப்புக்கு வந்து ஓராண்டு கழிந்த பின்னர்தான் நான் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பினேன். பிள்ளையை அழைத்துவந்த தாய் குற்றவாளியா? திருப்பி அனுப்பிய நான் குற்றவாளியா?

நம் கோவில்கள் என்ன செய்தன? தேர் செய்வதற்கும் கோபுரத்திற்கு வண்ணம் பூசுவதற்கும் கூடுகிற நிர்வாகக் குழு, மண்டபத்தில் தாலி கட்ட வரும் இணையரிடம் "பதிவாயிற்றா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பர்? கோவில் பொறுப்பாளர்களையே துணைப் பதிவாளர்களாக நியமிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. நம் இயக்கங்கள் என்ன செய்தன? தேர்தல் நெருங்கும்போது கூடாரம் போட்டுப் பாரம் எழுதிக் கொடுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் கூடாரம் போய்விட்டது. பாரம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

அந்த இளம்பெண்ணும் அப்படியொரு பாரம் எழுதியிருக்கிறாள். ஓர் அலுவலகம் அவளை மருத்துவமனைக்கு அனுப்பியது. மருத்துவமனை தோட்டத்திற்கு அனுப்பியது. தோட்டமோ கைமாறி, பழைய ஏடுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, நாட்கூலியை இழந்து, வரிசையில் நின்று, ஆண்டுகள் கழித்து வந்த பதில் ஒரே ஒரு வரி: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் குறிப்பிடவில்லை. தவறாக எழுதிய மாணவனுக்குக்கூட நாம் சிவப்பு மையால் பிழையைச் சுட்டிக்காட்டுகிறோமே!

சரி, என்ன செய்வது?

2019 முதல், பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால் ஆவணமில்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கும் நடைமுறையைக் கல்வியமைச்சு எளிதாக்கியது. ஆகவே ஆசிரியர்களே, பதிவு மேசையில் "பத்திரம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வையுங்கள். கைத்தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். பிள்ளையின் வருகைப் பதிவையும் தேர்ச்சி அறிக்கையையும் கவனமாகப் பாதுகாத்து வையுங்கள். இந்நாட்டில் வளர்ந்தவன் என்பதற்கு நாளை அவைதாம் சான்றாகும். பள்ளி ஏடுகளே இல்லாமற்போனதால்தான் அந்த இளம்பெண்ணுக்கு அச்சான்றும் இல்லை. அவ்விடத்தை வெறுமையாக விட்டவன் நான்.

பெற்றோர்களே, கோவில் திருமணத்திற்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள். குழந்தை பிறந்தால் காலந்தாழ்த்தாமல் பதியுங்கள். மருத்துவமனைச் சீட்டையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் தூக்கி எறியாதீர்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். பத்திரத்தில் குடிமகன் அல்லன் என்றிருந்தால், அரசியலமைப்பின் 15A பிரிவின்கீழ் பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அதற்கான வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் மாற்றமும் 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருந்தது. ஆகவே 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே வேண்டா. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்கள் மீது தவறில்லை. மறைப்பதால் பிள்ளைக்குத்தான் கேடு.

அந்தச் சிறுவனைச் சேர்த்துக்கொண்டோம். நன்றாகப் படிக்கிறான். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. 15A பிரிவின்கீழ் விண்ணப்பமும் அனுப்பியாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு மாலை, பள்ளி முடிந்தபின் அவனுடைய தாயும் வருகிறாள். அதே சிறிய நாற்காலியில் அமர்ந்து உயிரெழுத்து எழுதுகிறாள். முதல் நாள் அவள் பெயரை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைதோறும் சபைக்கூடலில் தேசியப் பண் ஒலிக்கிறது. பின்னர் ருக்குன் நெகாரா உறுதிமொழி. மலேசிய மக்களாகிய நாங்கள் என்று பொருள்படும் இடத்தில் அந்தச் சிறுவனின் குரல் மற்றெல்லாக் குரல்களையும்விட உரக்கக் கேட்கிறது. அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதில் நண்பர்கள் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது தெரிந்துவிடும். அதற்கு முன்பு பதில் வரவேண்டுமே என்பதுதான் என் வேண்டுதல். வராவிட்டால் மீண்டும் எழுதுவேன். ஒரு முறை நான் தவறவிட்ட பிள்ளையின் மகன் அவன். இரண்டாம் முறை விட்டுவிட எனக்கு உரிமையில்லை.

உங்கள் பள்ளியிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம். நாளை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது பாருங்கள்.